எல்லாரும் தவறாகச் சொன்ன குருமா

அந்த வளையத்தில் நான்கு சாவிகள் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நிறத்தில் ஒட்டுநாடா சுற்றியிருந்தது: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் துறைத் தலைவர் அதை என் கையில் வைத்து, கீழ்த்தளத்து அறைகள் நான்கையும் வெளியாருடைய கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறோம், காலையில் திறப்பதும் மாலையில் பூட்டுவதும் உன் பொறுப்பு என்றார். அவரை நாங்கள் டாக்டர் என்றுதான் அழைப்போம். மலாய்க்காரர், மென்மையாகப் பேசுபவர், கோபம் வந்தால் இன்னும் மென்மையாகப் பேசுபவர். நான் சாவிகளை வாங்கிக்கொண்டு தலையாட்டினேன். என்னிடம் யார் எதைச் சொன்னாலும் அப்போதெல்லாம் தலையாட்டல்தான் பதில். ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பத் துறையின் பொதுப் பணியாளனாகச் சேர்ந்த பிறகு, சுற்றிலும் இவ்வளவு படித்தவர்கள் இருக்கும் இடத்தில் வாயைத் திறப்பானேன் என்று இருந்துவிட்டேன். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவேன், எரிவாயு உருளைகளை மாற்றுவேன், உலர்த்தும் எந்திரத்தை யார் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று எழுதி வைப்பேன். எதற்கும் பேச்சு தேவைப்படவில்லை.

துறைக்குள் கம்பெனியா என்று மேல்தளத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். டாக்டருக்கு அதில் பெரிய நம்பிக்கை. எங்களிடம் எந்திரங்கள் இருக்கின்றன, வருடத்தில் பாதி நாள் தூசி பிடித்துக் கிடக்கின்றன. வெளியே சின்ன வியாபாரிகளுக்கு எந்திரம் வாங்க வழியில்லை. அவர்கள் இங்கே வந்து செய்து பார்க்கட்டும், நம் மாணவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும் என்பார். ஒரே ஒரு நிபந்தனை. ஓர் ஆண்டுக்குள் ஒரு பெரிய கடை அவர்கள் பொருளை வாங்க ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அறையைக் காத்திருக்கும் அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். முதலில் வந்த மூன்று கம்பெனிக்காரர்களும் கழுத்தில் அட்டை தொங்க நேராகத் தங்கள் அறைக்குப் போவார்கள், நேராக வெளியே வருவார்கள். நாங்கள் இருந்ததும் தெரியாது, இல்லாததும் தெரியாது. குறை சொல்லவில்லை. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

நீல அறைக்குத்தான் அக்கா வந்தார்.

தங்காக் ஊரில் கணவரோடு முப்பது வருடம் துணிக்கடை நடத்தியவர். குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்வார். கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு, ஐம்பத்தைந்து வயதில் குருமா விழுது செய்து பொட்டலம் போட்டு விற்கக் கிளம்பிவிட்டார். பொட்டலத்தை வெட்டி, தண்ணீர் ஊற்றி, காயோ கோழியோ போட்டுக் கொதிக்கவைத்தால் குருமா. துணிக்கடைப் பழக்கம் அவரை விடவில்லை. விழுது பதமாக வந்திருக்கிறதா என்று பார்க்க, அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார், புடவையின் நெசவைப் பார்ப்பது போல. துறையில் அதை அளக்க ஒரு எந்திரம் இருந்தது. இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

வந்த முதல் வாரமே துறை முழுக்க அவரைத் தெரிந்துகொண்டது. காய்ந்த மிளகாயை வறுக்கும்போது புகையை உறிஞ்சும் விசிறியைப் போட வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லக் கூச்சப்பட்டு, விசிறியின் பொத்தானை விரலால் காட்டிவிட்டு வந்துவிட்டேன். அவர் அதை விளக்கின் பொத்தான் என்று நினைத்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் தீ எச்சரிக்கை மணி அலறியது. மேல்தளத்து வகுப்புகள் எல்லாம் தும்மிக்கொண்டே இறங்கி வந்தன. மாணவர்கள், விரிவுரையாளர்கள், தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்த டாக்டர் எல்லாரும் கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றோம். கடைசியாக அக்கா கரண்டியோடு வெளியே வந்தார்.

"என்ன லா இது, எங்க தீ? யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?"

"அக்கா, தீ இல்ல. நீங்கதான்," என்றார் எங்கள் ஜாகா அண்ணன். வாயிற்காவல் பார்க்கும் அவருக்குப் பயமென்று ஒன்று கிடையாது.

"நானா? நான் இன்னும் தாளிக்கவே இல்லையேண்ணே!"

டாக்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மிளகாயால் வந்த கண்ணீரா சிரிப்பால் வந்ததா தெரியவில்லை. அன்று மாலை அக்கா என்னைத் தேடி வந்து, "தம்பி, உனக்கு வாய் இருக்குல்ல? அடுத்த வாட்டி விரல நீட்டாம வாயத் திற," என்றார். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு பரிகாரம் போல ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார். மூன்று மணிக்குத் தன் அறைக்கு வெளியே, நடைபாதை மேசையில், அன்றைய குருமாவை ஒரு சட்டியில் வைப்பார். பக்கத்தில் ரொட்டி, ஒரு கூஜா தேநீர். தோட்டக்காரர், ஓட்டுநர், ஜாகா அண்ணன், துப்புரவுப் பெண்கள், ஆய்வுக்கூட உதவியாளர்கள் எல்லாரும் வருவார்கள். மேல்மாடி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் மலாய்க் கிராணி அம்மா, காக் என்று நாங்கள் அழைப்பவர், தன் சொந்தக் கிண்ணத்தோடு இறங்கி வருவார். மலாய்க்காரரும் சீனரும்கூட அக்காவை அக்கா என்றே கூப்பிட்டார்கள். என் மனைவி கேட்டாள், ஏன் சாயங்காலம் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று. உண்மையைச் சொல்லப் பத்து நாள் ஆயிற்று எனக்கு. அந்த மேசையைச் சுற்றி நின்ற அரை மணி நேரத்தில்தான், நான் பத்து வருடமாகத் தினமும் பார்த்த ஆட்களுக்கு எத்தனை பிள்ளைகள், எந்த ஊர் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. ஒரு கம்பெனி உள்ளே வந்ததால் எங்கள் துறைக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். எந்த அறிக்கையிலும் யாரும் அதை எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆண்டு முடிய மூன்று மாதம் இருந்தபோது ஒரு பேரங்காடி அக்காவின் குருமாவைக் கேட்டது. ருசி பிடித்திருக்கிறது, ஆனால் குளிர்பெட்டியில் வைக்காமலே ஒன்பது மாதம் கெடாமல் இருக்க வேண்டும் என்றார்கள். அக்கா புதுத் தேங்காய்ப் பாலில்தான் விழுது செய்வார். மூன்று மாதத்தில் அதில் காறல் வாடை வந்துவிடும். டாக்டர் ஒரு வழி சொன்னார். தேங்காய்ப் பாலுக்குப் பதில் தேங்காய்ப் பால் தூள் போடுங்கள், கெடாது. போட்டார்கள். பல மாதத்தில் வரும் கெடுதலைச் சில வாரத்திலேயே காட்டிவிடும் துறையின் வெப்பப் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள், கெடவில்லை. ஆனால் அங்காடிக்காரர்கள் இன்னொன்றும் கேட்டார்கள். நாங்கள் விரும்பியது பழைய ருசி. தூள் போட்டதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று துறை சோதித்து எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதம் கிடைத்தால் அறை அக்காவுக்கு. கிடைக்காவிட்டால் நீலச் சாவி வேறு யாருக்கோ.

சோதனை இப்படித்தான் நடக்கும். ருசி பார்க்கும் அறையில் தடுப்பு வைத்த சிறு இருக்கைகள் உண்டு. குழம்பின் நிறம் தெரியக் கூடாது என்பதற்காகச் சிவப்பு விளக்கு எரியும். சுவரில் உள்ள சின்னக் கதவைத் தள்ளி மூன்று கிண்ணங்களை வைப்பார்கள். இரண்டில் ஒரே குருமா, ஒன்றில் வேறு. எது வேறு என்று தாளில் குறிக்க வேண்டும். தெரியாவிட்டாலும் ஒன்றைக் குறித்தே ஆக வேண்டும். அது விடுமுறைக் காலம், மாணவர்கள் இல்லை. ஆகவே டாக்டர் எங்களையே கூப்பிட்டார். இருபத்து நான்கு பேர். எல்லாரும் மூன்று மணி மேசையின் ஆட்கள். ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்றார். பேசவில்லை. சத்தியமாகப் பேசவில்லை.

நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். முதல் கிண்ணத்தில் ரொட்டித் துண்டைத் தொட்டு வாயில் வைத்தேன், அக்காவின் குருமா. தண்ணீர் குடித்தேன். இரண்டாவதை வைத்ததும் தெரிந்துவிட்டது. இதுதான் வேறு. மூன்றாவதைத் தொட வேண்டிய தேவையே இல்லை, இருந்தாலும் தொட்டேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தேன். சின்னக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய வளையல் சத்தம் கேட்டது. நடுக் கிண்ணத்தைக் குறித்தால் அந்தச் சத்தம் இந்தக் கட்டடத்தில் இனி கேட்காது. நான் மூன்றாவது கிண்ணத்தைக் குறித்துத் தாளை மடித்துத் தள்ளிவிட்டேன். பொய் சொல்வதற்கு வாய்கூடத் தேவைப்படவில்லை. எனக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற பொய் அது.

இரண்டு நாள் கழித்து டாக்டர் எங்கள் எல்லாரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். அக்கா முன் வரிசையில் நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தார். டாக்டர் இருபத்து நான்கு தாள்களையும் மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். அவர் மலாயில் மெதுவாகச் சொன்னதைத் தமிழில் சொல்வதானால் இப்படித்தான் வரும்:

"மூன்று கிண்ணம். ஒன்றுமே தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும். இருபத்து நான்கு பேருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், அதிர்ஷ்டத்திலேயே ஏழெட்டுப் பேர் சரியாகக் குறித்திருப்பார்கள். ஆனால் இங்கே ஒருவர்கூடச் சரி இல்லை. ஒருவர்கூட. இப்படித் தவறாகக் குறிக்க வேண்டுமென்றால், சரியானது எது என்று இருபத்து நான்கு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்."

நான் தோட்டக்காரரைப் பார்த்தேன். அவர் காக் அம்மாவைப் பார்த்தார். காக் தன் காலணியைப் பார்த்தார். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் அந்தத் திருட்டுத்தனத்தைச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது.

"அலமாக்," என்று தலையில் கை வைத்தார் ஜாகா அண்ணன். "ஒருத்தனாவது ஒழுங்கா குறிச்சிருக்கலாம்ல!"

"நீங்க ஏன் குறிக்கல?" என்றார் யாரோ பின்னாலிருந்து.

டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்த பிறகு, இன்னும் மென்மையான குரலில், நான் உண்மையைத்தான் எழுத முடியும், வித்தியாசம் தெரிகிறது என்றுதான் எழுத வேண்டும் என்றார். அக்கா எழுந்து வெளியே போனார். உதவி செய்யப் போய் அவர் அறைக்கு நாங்களே பூட்டுப் போட்டுவிட்டோம்.

நான் கழுவும் தொட்டிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய குடுவைகளை மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா பின்னால் வந்து நின்றார்.

"தம்பி, நெசமா சொல்லு. எது வேறன்னு தெரிஞ்சுச்சா?"

"நடுவுல உள்ளதுக்கா."

"எப்படித் தெரிஞ்சுச்சு?"

தலையாட்ட முடியாத கேள்வி. நான் குழாயை மூடினேன். "பழைய குருமா முழுங்குன பொறவு தொண்டையில தேங்கா வாசம் எந்திரிச்சு வரும்க்கா. இது நாக்குலயே முடிஞ்சுபோவுது. அப்புறம் ஒரு இனிப்பு. பால் மாவு கரைச்ச மாதிரி. மோசமில்ல. ஆனா நீங்க செஞ்சதுன்னு தோணல." அந்த வருடம் நான் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா என்னை முறைத்துப் பார்த்தார். "இவ்வளவு தெரிஞ்சு வச்சிக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தியா? இந்த ஒரு பேச்ச முன்னாடியே பேசியிருந்தா நான் சரி பண்ணியிருப்பேன்ல? நீங்க இருபத்து நாலு பேரும் என்மேல வச்ச பாசத்துல என் கம்பெனிய மூடப் பாத்தீங்க!"

பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஜாகா அண்ணனிடம் நிறுத்தினார். "பழசு கல்யாண வீட்டுக் குருமாக்கா. புதுசு கேண்டீன் குருமா," என்றார் அவர். காக்கிடம் கேட்டபோது அவர் சொன்னதுதான் வழியைத் திறந்தது. வாசம் கடைசியில் வரவில்லை, அவ்வளவுதானே. எங்கள் வீட்டில் ரெண்டாங் கறி செய்யும்போது கெரிசிக் போடுவோமே, அதைப் போட்டுப் பாருங்கள் என்றார். தேங்காய்த் துருவலைப் பொன்னிறமாக வறுத்து, எண்ணெய் கசியும்வரை இடித்து வைப்பதுதான் கெரிசிக். இத்தனை வருடமாகக் குருமா செய்யும் அக்காவுக்கு அது தோன்றவே இல்லை. மறுநாள் காக் வீட்டிலிருந்தே ஒரு பாட்டிலில் கொண்டுவந்தார். ஒரு கரண்டி கெரிசிக் சேர்த்து, இனிப்பைக் குறைக்க வெங்காயத்தையும் குறைத்து, அக்கா ஏழு சட்டி செய்தார். ஏழையும் நாங்கள் ருசி பார்த்தோம். இந்த முறை தாளும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை. நேரில் நின்று வாயால் சொல்ல வேண்டும். முதல் சட்டிக்கு, "நல்லா இருக்குக்கா," என்று தோட்டக்காரர் இழுத்தார். அக்கா கரண்டியை ஓங்கினார். அதன்பிறகு எல்லாரும் உண்மை பேசினோம். கசப்பு என்றோம், கருகல் என்றோம், எண்ணெய் என்றோம். ஏழாவது சட்டியில் யாரும் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு ரொட்டித் துண்டை எடுத்தோம்.

வெப்பப் பெட்டியில் அந்த ஏழாவதை வைத்து, அதன் சூட்டளவைக் காலையும் மாலையும் நான் எழுதினேன். கெடவில்லை. இரண்டாம் சோதனைக்கு டாக்டர் எங்களில் ஒருவரையும் சேர்க்கவில்லை. பொறியியல் பக்கத்திலிருந்து, அக்காவின் தேநீரைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஆட்களை வரவழைத்தார். நாங்கள் இருபத்து நான்கு பேரும் வேலையை விட்டுவிட்டுக் கார் நிறுத்துமிடத்தில் குற்றவாளிகள் போல நின்றோம். டாக்டர் வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "சிலர் சரி, பலர் தவறு. மூன்றில் ஒரு பங்குதான் சரி. இப்படித்தான் இருக்க வேண்டும், உங்களைப் போல நூற்றுக்கு நூறு தவறாக இருக்கக் கூடாது," என்றார். ஜாகா அண்ணன் தன் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். அது மரத்தில் மாட்டிக்கொண்டது. அக்கா எங்கள் நடுவில் நின்று புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மொளகா நெடி," என்றார். அன்று அவர் மிளகாயே வறுக்கவில்லை.

இரண்டு வருடத்தில் அந்த அறை அவருக்குப் போதவில்லை. செனாய் தொழிற்பேட்டையில் சொந்தமாக ஒரு கட்டடம் எடுத்துப் போனார். இப்போது எங்கள் துறையில் ருசி பார்க்க வருகிறவர்கள் ஒரு கேள்விக்கு முதலில் பதில் எழுத வேண்டும்: இந்தக் கம்பெனிக்காரர்களோடு உங்களுக்குப் பழக்கம் உண்டா? அது எங்களால் வந்த கேள்வி என்று புதியவர்களுக்குத் தெரியாது. டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், காக் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். இன்று கீழ்த்தளத்தில் ஆறு கம்பெனிகள். ஒரு கம்பெனியின் இளைஞர்கள் போன வாரம் என்னிடம் எந்திரத்தைப் பற்றிக் கேட்டார்கள். விரலை நீட்டாமல், எந்தப் பொத்தான் எதற்கு என்று உட்கார்ந்து விளக்கினேன். இடையில் என் பேச்சை நானே கேட்டு, இது யார் என்று நினைத்தேன்.

போன மாதம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வா, புதுசாக ஒன்று செய்திருக்கிறேன் என்றார். தேவாலயத்தில் பூசை முடிந்து மனைவியோடு செனாய்க்குப் போனேன். புளிக்குழம்பு விழுது. அவருடைய மகன், வேலையாட்கள், மேற்பார்வை பார்க்கும் பெண் எல்லாரும் சட்டியைச் சுற்றி நின்றார்கள். எல்லாரும் பிரமாதம் என்று சொல்லியாயிற்று. அக்கா என் கையில் கரண்டியைக் கொடுத்தார். நான் ருசி பார்த்தேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"புளி கூட இருக்குக்கா," என்றேன்.

"அங்கிள், எல்லாரும் நல்லா இருக்குன்னாங்களே," என்றான் மகன்.

"டேய், அவங்களுக்கு என்மேல பயம். இவனுக்குப் பாசம் இருந்துச்சு, அதுக்கே கம்பெனி போவப் பாத்துச்சு," என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு கூட?"

"ரொம்ப இல்லக்கா. சாப்பிடலாம்."

"ஆரம்பிச்சிட்டியா மறுபடியும்?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "ரொம்பக் கூடக்கா," என்றேன்.

அக்கா சிரித்துக்கொண்டே போய் அடுப்பை அணைத்தார்.